சீனத்துச் சிவப்பரிசியும் எங்கள் கொலஸ்ட்ரோலும்

ஷிப்ற் முடிந்த பிறகு – தொடர் பத்தி



சென்ற இதழில் வாடகை வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறையும் பூஞ்சணம் பற்றித்தான் எழுதப் போகின்றேன். ஆனால் இது சுவரில் பிடிப்பது அல்ல, சோற்றில் பிடிப்பது. அதைக் காயவைத்து, அரைத்து, குளிசைக் கூட்டுக்குள் அடைத்து, கொலஸ்ட்ரோலுக்குச் சீன மூலிகை மருந்து என்று விற்கின்றார்கள்.

ஈஸ்ட்ஹாமில் இருந்து ஒரு அக்காவும் வெம்பிளியில் இருந்து ஒரு ஐயாவும் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். “டொக்டர் தந்த குளிசையை விட்டுவிட்டுச் சீன மருந்துக்கு மாறலாமோ?” எங்கள் பக்ரறியிலும் இதே கதைதான். இரவு ஷிப்ற்றில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் நாலைந்து பேர் கொலஸ்ட்ரோல் கதைப்பார்கள். ஒருவர் உள்ளி தின்னச் சொல்லுவார். இன்னொருவர் வெந்தயம் ஊறப்போடச் சொல்லுவார். மூன்றாமவர் பைக்குள் இருந்து சீன எழுத்துப் போட்ட ஒரு போத்தலை எடுத்துக் காட்டுவார்.

நான் டொக்டர் இல்லை. ஊரில் சாதாரண தரத்தோடு என் படிப்பு நின்றுபோனது. ஆனால் கேட்டால் சொல்லித்தர இந்த ஊரில் ஆட்கள் இருக்கின்றார்கள். பார்மசியில் வேலை செய்கின்ற எங்கள் தமிழ்த் தங்கச்சி ஒருவரிடமும், நூலகத்துப் புத்தகங்களிலும் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

முதலில், இந்தக் கொலஸ்ட்ரோல் கதை எங்களுக்கு ஏன் முக்கியம்? இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பக்கத்து ஆட்களுக்கு இந்த நாட்டு வெள்ளைக்காரரை விட மாரடைப்பு அதிகம், அதுவும் இளவயதிலேயே வருகின்றது. இதை ஆராய்வதற்கென்றே 1980களின் கடைசியில் மேற்கு லண்டன் சவுத்ஹாலில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. அவர்கள் கண்டது ஆச்சரியமான விடயம். எங்கள் ஆட்களின் மொத்தக் கொலஸ்ட்ரோல் வெள்ளைக்காரரை விடக் கூட இல்லை. ஆனால் வயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் கொழுப்பும் நீரிழிவும் கூட. அதனால் வெள்ளைக்காரரைப் பெரிதாகப் பாதிக்காத அளவு கொலஸ்ட்ரோலும் எங்களுக்கு ஆபத்தாகலாம். “ஆள் மெலிவுதானே, எனக்கென்ன?” என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ஊரில் இரத்தப் பரிசோதனைத் துண்டில் 240 என்று போடுவார்கள். இங்கே 6.2 என்று போடுவார்கள். “அங்கை 240 இருந்தது, இஞ்சை வந்து 6 ஆகக் குறைஞ்சுபோச்சு” என்று சந்தோசப்பட்ட ஒரு மாமியை எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதான். ஊரில் மில்லிகிராமில் அளக்கின்றார்கள், இங்கே மில்லிமோலில் அளக்கின்றார்கள். இங்கத்தைய எண்ணை 38.7 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். மொத்தக் கொலஸ்ட்ரோல் 5க்குக் கீழே இருப்பது நல்லது என்று இங்கே பொதுவாகச் சொல்லுவார்கள். அது ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 193.

எங்கள் சிவப்பரிசி அல்ல

இனி அந்தச் சீன மருந்துக்கு வருவோம். கொலஸ்ட்ரோலுக்கு என்று விற்கும் சீன மருந்துகளில் பேர்போனது சிவப்பு ஈஸ்ட் அரிசி. “சிவப்பரிசியிலை செய்தது, ஒண்டும் செய்யாது” என்று சொல்லி விற்பதால் எங்கள் சனம் நம்பிவிடுகின்றது. நாங்கள் புட்டு அவிக்கின்ற சிவப்புப் பச்சையரிசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் அரிசிக்குத் தவிடுதான் சிவப்பு. சீனத்து அரிசி வெள்ளை அரிசி. அதை அவித்து, மொனாஸ்கஸ் என்ற பூஞ்சணத்தை அதிலே வளர விடுவார்கள். நாட்கள் செல்ல ஒவ்வொரு அவிழும் இரத்தச் சிவப்பாகும். சீனர்கள் பல நூறு வருடங்களாக இதைச் சாப்பாட்டுக்குச் சாயமாகவும், அரிசி மது காய்ச்சவும், சோயாக் கட்டியை ஊறவைக்கவும் பாவித்து வருகின்றார்கள். 1596இல் அச்சான லி ஷிஷென் என்பவரின் பெரிய மருந்து நூலில் இதுவும் இருக்கின்றது. அங்கே இது சமிபாட்டுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் சொல்லப்பட்டது. கொலஸ்ட்ரோல் என்று ஒன்று இருப்பதே அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே “ஆயிரம் வருசமாய்க் கொலஸ்ட்ரோலுக்குக் குடுக்கிற மருந்து” என்று கடைக்காரர் சொன்னால் அதில் பாதிதான் உண்மை. அரிசி பழையது, கொலஸ்ட்ரோல் கதை புதியது.

அந்தப் புதிய கதையைத் தொடக்கியவர் ஒரு யப்பானியர். பெயர் அகிரா எண்டோ. 1933இல் கமக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். லண்டன் பாடிங்டனில் உள்ள சென் மேரிஸ் ஆஸ்பத்திரியில் 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சணத்தில் இருந்து பெனிசிலினைக் கண்டுபிடித்த கதையைப் படித்து மனதில் வைத்திருந்தார். பிறகு மருந்துக் கம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, 1971 தொடக்கம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சணம் முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973இல், அரிசியில் இருந்து எடுத்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில், உடம்பு கொலஸ்ட்ரோல் செய்வதைத் தடுக்கும் பொருள் அகப்பட்டது. 1979இல் மொனாஸ்கஸ் பூஞ்சணத்திலும் அப்படி ஒன்றைக் கண்டு மொனகோலின் கே என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் மேர்க் என்ற கம்பனி வேறொரு பூஞ்சணத்தில் அதே பொருளை எடுத்திருந்தது. அதுதான் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்ற்றற்றின் என்ற குளிசை. இன்று எங்கள் டொக்டர்மார் எழுதித் தருகின்ற சிம்வாஸ்ற்றற்றின், அற்றோர்வாஸ்ற்றற்றின் எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள். எண்டோ 2024இல் காலமானார்.

இப்போது விளங்குகின்றதா? “டொக்டரின்ரை கெமிக்கல் வேண்டாம், இயற்கை மருந்து காணும்” என்று அந்தப் போத்தலை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அதே ஸ்ற்றற்றின் மருந்தைத்தான். பெயரும் போத்தலும்தான் வேறு.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைப் பக்ரறிக்காரனாக நான் இப்படி விளங்கிக்கொண்டேன். எங்கள் ஈரல் ஒரு பக்ரறி. கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நாங்கள் தின்பதில்லை, ஈரலே செய்கின்றது. அந்த லைனில் ஒரு முக்கியமான மெசின் இருக்கின்றது. ஸ்ற்றற்றின் போய் அந்த மெசினை மெதுவாக்கும். ஈரலுக்குச் சரக்குக் குறையும். குறைந்ததும் அது வெளியே, இரத்தத்தில் ஓடித்திரிகின்ற கொழுப்பை உள்ளே இழுக்கும். அதனால்தான் இரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் குறைகின்றது. சிவப்பு ஈஸ்ட் அரிசியும் இதையேதான் செய்கின்றது. சீனாவில் மாரடைப்பு வந்த 4,870 பேருக்கு இந்த அரிசியில் இருந்து அளவாக எடுத்த மருந்தைக் கொடுத்து ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவது நன்றாகக் குறைந்தது. ஆகவே “சீன மருந்து பொய்” என்று நான் சொல்ல வரவில்லை. அது வேலை செய்கின்றது. வேலை செய்வதால்தான் கவனமும் வேண்டும்.

அண்ணையின் கதை

எங்களோடு பேக்கிங் லைனில் நிற்கின்ற அண்ணை ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகின்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் கொலஸ்ட்ரோல் 7க்கு மேல். டொக்டர் அற்றோர்வாஸ்ற்றற்றின் எழுதிக் கொடுத்தார். “ஒருக்கால் தொடங்கினால் சாகுமட்டும் போடவேணும், ஈரலையும் கிட்னியையும் தின்னும்” என்று யாரோ சொல்ல, குளிசையை லாச்சிக்குள் போட்டுவிட்டு, தெரிந்த ஒருவரிடம் மாதம் இருபத்தைந்து பவுணுக்குச் சிவப்பரிசிக் குளிசை வாங்கினார். டொக்டருக்குச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரோல் குறைந்தது. டொக்டர் தன் குளிசை வேலை செய்கின்றது என்று சந்தோசப்பட்டார். அண்ணை தன் குளிசை வேலை செய்கின்றது என்று சந்தோசப்பட்டார்.

மாரிகாலம் வந்தது. அண்ணைக்கு நெஞ்சுச்சளி. டொக்டர் கிளரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் கொடுத்து, “இது முடியுமட்டும் கொலஸ்ட்ரோல் குளிசை போடவேண்டாம்” என்று சொன்னார். அண்ணை தலையாட்டிவிட்டு வந்தார். அவர் மனதில், “நான் அந்தக் குளிசை போடுறதில்லைத்தானே, என்ரை மூலிகைதானே” என்று இருந்தது. மூலிகையை விடவில்லை. அந்த அன்ரிபயோற்றிக், லோவாஸ்ற்றற்றின் உடம்பை விட்டுப் போவதைத் தடுக்கும். ஒரு நாளைக்குப் போட்டது உடம்பில் பல மடங்காகச் சேரும். கிழமை முடியுமுன் தொடையும் தோளும் இரும்பாக நொந்தன. பெட்டி தூக்கிய நோ என்று நினைத்தார். பிறகு சலம் பிளேன்ரீ நிறத்தில் போனது. மனைவி பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். “வேறை மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?” என்று கேட்டபோது முதல் இரண்டு நாளும் “இல்லை” என்றுதான் சொல்லியிருக்கின்றார். மூலிகையை அவர் மருந்தாகவே எண்ணவில்லை.

ஐந்து கிழமை வேலை இல்லை. ஏஜென்சி வேலைக்காரருக்கு ஐந்து கிழமை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாடகை பிந்தியது. ஊரில் தாய்க்கு அனுப்புகின்ற காசு நின்றது. இப்போது ஆள் சுகமாக வேலைக்கு வருகின்றார், லாச்சிக்குள் போட்ட குளிசையையே எடுக்கின்றார். “தம்பி, ரெண்டும் ஒண்டெண்டு ஆராவது முதலே சொல்லியிருந்தால்” என்றார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

போத்தலுக்குள் என்ன?

அண்ணையின் கதையில் போத்தலில் இருந்த மருந்து உண்மையான மருந்து. எல்லாப் போத்தலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் கடைகளில் விற்ற 12 வகைச் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசைகளைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு குளிசையில் மொனகோலின் கே 0.1 மில்லிகிராம். இன்னொன்றில் 10 மில்லிகிராம். நூறு மடங்கு வித்தியாசம்! பன்னிரண்டில் நாலில் சிற்றினின் என்ற நஞ்சும் கூடுதலாக இருந்தது. அது பூஞ்சணம் வளரும்போது உண்டாவது, சிறுநீரகத்துக்குக் கூடாதது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இந்தக் குளிசைகளில் ஒரு நாள் அளவுக்கு மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. 2024இல் யப்பானில், முன்னேறிய நாட்டில், கோபயாஷி என்ற பெரிய கம்பனியின் சிவப்பு அரிசிக் குளிசையில் வேறொரு பூஞ்சணம் புகுந்து, நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பெரிய கம்பனிக்கே அப்படியென்றால், லேபல் வாசிக்க முடியாத போத்தலுக்கு யார் பொறுப்பு?

பெயர் மாறுவதால் வருகின்ற ஆபத்தும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரில், மெலிவதற்கென்று ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கொடுத்தார்கள். சீன மொழியில் கிட்டத்தட்ட ஒரே பெயருள்ள இரண்டு வேர்கள். ஒன்றுக்குப் பதில் மற்றது வந்துவிட்டது. வந்தது அரிஸ்ரொலோக்கியா என்ற இனத்து வேர். நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது. இந்த நாட்டிலும் தோல் வருத்தத்துக்குச் சீனக் கசாயம் குடித்த இரண்டு பெண்களின் சிறுநீரகம் முற்றாக நின்றுபோனதை டொக்டர்மார் 1999இல் எழுதினார்கள். அந்த வருடமே அந்த மூலிகை இங்கே தடை செய்யப்பட்டது.

இதைப் படித்துவிட்டுச் சீனரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் சித்த வைத்தியத்தில் வருகின்ற ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்ரொலோக்கியா இனம்தான். ஊரில் பரியாரியார் எந்த மூலிகையை எவ்வளவு, எத்தனை நாள், என்ன பத்தியத்தோடு என்று சொல்லித்தான் தருவார். ஆளையும் தெரியும், ஆளின் அப்பனையும் தெரியும். இங்கே பார்சலில் வருகின்ற தூளுக்குப் பரியாரியாரும் இல்லை, பத்தியமும் இல்லை.

சீன வைத்தியத்தில் பெரிய விடயங்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. வன்னியில் மலேரியாவில் நடுங்கியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். இன்று உலகம் முழுக்க மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ற்றிமிசினின் என்ற மருந்தைச் சீனப் பெண் விஞ்ஞானி து யூயூ, பழைய சீன நூல் ஒன்றில் கண்ட குறிப்பில் இருந்துதான் எடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் மூலிகையை அப்படியே போத்தலில் அடைக்கவில்லை. அதில் எந்தப் பொருள் வேலை செய்கின்றது என்று பிரித்து, அளந்து, சோதித்துத் தந்தார். எண்டோ செய்ததும் அதுதான். ஆகவே சண்டை சீனாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் அல்ல. அளந்த மருந்துக்கும் அளக்காத மருந்துக்கும் இடையில்தான்.

குளிசைப் பயம்

“ஸ்ற்றற்றின் போட்டால் உடம்பு முழுக்க நோ” என்ற பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். 1994இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதய வருத்தம் உள்ள 4,444 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு சிம்வாஸ்ற்றற்றின், பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லாத வெறும் குளிசை. ஐந்து வருடத்தில் வெறும் குளிசை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். எழுபத்துநாலு குடும்பத்துக்கு அப்பாவோ அம்மாவோ மிஞ்சினார்கள் என்று நான் அதை வாசித்தேன்.

நோ பற்றியும் லண்டனிலேயே, இம்பீரியல் கல்லூரியில், ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். நோ என்று சொல்லிக் குளிசையை விட்ட 60 பேருக்குச் சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் வெறும் குளிசை, சில மாதம் ஒன்றும் இல்லை. எது எதுவென்று குளிசை எடுக்கும்போது தெரியாது. உண்மைக் குளிசையில் வந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் குளிசையிலும் வந்தது! பயமே நோவாக மாறுகின்றது. முடிவைச் சொன்னதும் பாதிப் பேர் திரும்ப மருந்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் சிலருக்கு உண்மையாகவே தசை நோ வரும். அப்போது டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் பிழை.

குளிசை மட்டும் காணாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பால், நெய், பட்டர் எல்லாவற்றிலும் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் கொழுப்பு உண்டு. பால் சொதியை விடச் சொல்லவில்லை, தினமும் முதற்பால் விட்டுக் காய்ச்சவேண்டாம். ஷிப்ற்றுக்கு ரோல்ஸும் மிதிவெடியும் கட்டிக்கொண்டு போகாமல் கடலை, பயறு அவித்துக் கொண்டுபோகலாம். ரின்னில் வருகின்ற மத்தி மீன் மலிவு, நல்லது. ஓட்ஸ் கஞ்சியில் உள்ள நாரும் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும். பஸ்ஸில் இரண்டு தரிப்பு முன்னே இறங்கி நடக்கலாம். சிகரெட் குடிப்பவர்கள் அதை விட்டால் அதற்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு

இனிப் புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்குச் சில முக்கியமான விடயங்கள். வெட்டி ஃபிரிஜ்ஜில் ஒட்டி வையுங்கள்.

ஜீ.பீ. என்ற குடும்ப டொக்டரிடம் பதிவதற்கு விசா என்ன என்று பார்ப்பதில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவரும் பதியலாம். பாஸ்போர்ட் இல்லை, விலாசக் கடிதம் இல்லை என்பதற்காகப் பதியமாட்டோம் என்று சொல்லக் கூடாது என்பதுதான் இங்கிலாந்தில் விதி. றிசப்ஷனில் மறுத்தால் மனேஜரோடு கதைக்கக் கேளுங்கள்.

டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை. பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறித்துக் கூட்டிப்போய்த் தகப்பனின் வருத்தத்தை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைக்கும் பாரம், மருந்தும் பிழைக்கும்.

இங்கிலாந்தில் 40 தொடக்கம் 74 வயது வரை, ஏற்கெனவே இதய வருத்தம், நீரிழிவு போன்றவை இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இலவச உடற்பரிசோதனை உண்டு. பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்ப்பார்கள். கடிதம் வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் நாற்பது வரை காத்திருக்கவேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள்.

சீன மருந்து எடுப்பதற்கு மருந்துச் செலவு ஒரு காரணம் என்று சிலர் சொல்கின்றார்கள். அகதி உதவிப்பணம் பெறுபவர்களுக்கு எச்.சி. 2 என்ற சான்றிதழ் உண்டு, மருந்து இலவசம். வருமானம் குறைந்த மற்றவர்கள் எச்.சி. 1 படிவம் நிரப்பி விண்ணப்பிக்கலாம். அறுபது வயதுக்கு மேல் எல்லோருக்கும் இலவசம். அண்ணை மாதம் இருபத்தைந்து பவுண் கொடுத்து வாங்கியது அவருக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய மருந்தை.

மூலிகை வாங்கத்தான் வேண்டும் என்றால் பக்கற்றில் ரி.எச்.ஆர். என்ற அடையாளமும் இலக்கமும் இருக்கின்றதா பாருங்கள். 2011இல் இருந்து கம்பனிகள் செய்து விற்கும் பாரம்பரிய மூலிகை மருந்துக்கு அந்தப் பதிவு வேண்டும். அது தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பார்த்துக் கொடுப்பது, வருத்தம் மாறும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. தடிமன் போன்ற சின்ன வருத்தங்களுக்குத்தான் கொடுப்பார்கள். கொலஸ்ட்ரோல் மருந்துக்கு அந்த அடையாளம் போட முடியாது. இன்னொன்று, இந்த நாட்டில் மூலிகை வைத்தியர் என்று போர்ட் மாட்டுவதற்கு டொக்டர்மாருக்கு இருப்பது போன்ற சட்டப் பதிவு தேவையில்லை. வெள்ளைக் கோட் போட்டிருப்பதால் டொக்டர் என்று நினைக்கவேண்டாம்.

இதற்குள்ளேயே யாராவது சிவப்பு ஈஸ்ட் அரிசி எடுத்துக்கொண்டிருந்தால், பயந்து ஒளிக்கவேண்டாம். போத்தலை அப்படியே பார்மசிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்மசிக்காரரோடு கதைக்க நேரம் எடுக்கத் தேவையில்லை, காசும் இல்லை. டொக்டரின் ஸ்ற்றற்றினையும் இதையும் சேர்த்து எடுக்கவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும், ஈரல் வருத்தம் உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. டான் ஷென் என்ற இன்னொரு சீன வேரையும் இதயத்துக்கென்று கொடுப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது இரத்தப்போக்கை உண்டாக்கும். காரணமில்லாத தசை நோவும், சலம் கறுத்துப் போவதும் சேர்ந்து வந்தால் அடுத்த நாள் மட்டும் பார்க்கவேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 111க்கு அடித்து, “தமிழ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் போடுவார்கள். நெஞ்சு நோ என்றால் 999.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. டொக்டரோ நேர்ஸோ “வேறு மருந்து எடுக்கின்றீர்களா?” என்று கேட்டால், கசாயம், லேகியம், ஊரில் இருந்து வந்த தூள், சீனக் குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் ஏசுவார்கள் என்று வெட்கப்படவேண்டாம். எல்லைகளைத் தாண்டி, எத்தனையோ விசாரணைகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தவர்கள் நாங்கள். யாராவது கேள்வி கேட்டால் “இல்லை” என்று சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அங்கே கேட்கின்ற கேள்வி உங்களைத் திருப்பி அனுப்புவதற்கு அல்ல.

அடுத்த இதழில், இரவு ஷிப்ற் முடித்து வருபவர்கள் பகலில் எப்படி நித்திரை கொள்வது என்பது பற்றி எழுதலாம் என்றிருக்கின்றேன். உங்கள் வீட்டில் செய்து பார்த்த வழி ஏதும் இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். எல்லோரும் சுகமாக இருங்கள்.

– பேக்கிங் லைன் தொழிலாளி